புட்டு அவித்த போர் எஞ்சின்

விடியும்போது முதலில் குழாய்தான் தட்டும். நிலவறையில் யாரோ நின்று சுத்தியலால் அடிப்பதுபோல "டங், டங்" என்று ஒரு சத்தம் சுவருக்குள்ளால் ஏறி வந்து, எங்கள் கட்டிலின் தலைமாட்டில் இருந்த இரும்பு வெப்பமூட்டிக்குள் புகுந்து, அங்கே கொஞ்ச நேரம் இருமி, பிறகு "உஸ்" என்று அடங்கும். அதன் பின்னால் ஈரத் துருவும் பழுப்பு நிலக்கரிப் புகையும் கலந்த ஒரு மணம் வரும். அதற்குப் பிறகுதான் சூடு வரும். அந்தச் சூடு வரும்வரை அம்மா என் தம்பியைத் தன் கம்பளிச் சட்டைக்குள் விட்டு, நெஞ்சோடு அணைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகி ஒரு வருடம் கழிந்த குளிர்காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, வழியில் பல நாடுகளில் காத்திருந்து வந்து சேர்ந்த எங்களை, பழைய கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஊரின் பெயரை எழுத எனக்கு இன்றைக்கும் விருப்பமில்லை. அப்பா, அம்மா, பத்துப் பதினொரு வயதில் நான், கைக்குழந்தையாக என் தம்பி. எங்களை வைத்திருந்த "ஹைம்", அதாவது அகதிகள் விடுதி, ஒரு காலத்தில் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் தங்கிய கட்டடம். அதன் இரண்டாம் மாடி முழுக்கத் தமிழ்ச் சனம். தம்பிக்கு வந்த நாளிலிருந்தே நெஞ்சில் சளியும் "முட்டு" என்கிற மூச்சிழுப்பும். இந்தப் பிள்ளையை ஒருபோதும் குளிரில் விடாதீர்கள், விட்டால் தாங்காது என்று ஊர் மருத்துவர் சொன்னதை, அவருடைய மேசைக்கு முன்னால் நின்று அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். ஆட்களைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பெண்பிள்ளை நான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட ஜெர்மன் மொழி அந்த மாடியில் எனக்குத்தான் கொஞ்சம் கூட இருந்தது. அதனால் எல்லோருக்கும் நானே வாயாக இருக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது முதல் பனி விழுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பட்டறையின் கொதிகலன் பழுதாகிவிட்டதாம், புதிது வாங்க யாருக்கும் மனமில்லையாம். ஆகவே ஹைமுக்குப் பின்னால், புல் முளைத்த ஒரு தண்டவாளத்தில், பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சக்கரங்களை இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டுகளைக் கழற்றிப் பின்னால் போட்டிருந்தார்கள். ஓடுவதற்கு அல்ல, நின்ற இடத்தில் நின்று கொதிப்பதற்கு மட்டும். அதன் வயிற்றிலிருந்து புறப்பட்ட தடித்த குழாய் ஒன்று, கந்தலும் வெள்ளித் தாளும் சுற்றி, எங்கள் நடைபாதைக்கு மேலால் ஒரு வளைவாகப் போய், நிலவறைக்குள் இறங்கியது. எங்கள் ஆட்கள் அதைப் "பெரியடுப்பு" என்றார்கள்.

அதில் கரி போட்டு எரித்தவர் அறுபதை நெருங்கிய ஒரு ஜெர்மன்காரர். அவருடைய பெயர் யாருடைய வாயிலும் நுழையாததால் "கரியர்" என்று வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர் பக்கத்து அறையில் தனியாக இருந்த குலம் அண்ணை. எங்கள் மாடியின் பகிடிக்காரர். கரியர் அதிகம் பேசமாட்டார். எங்களைக் கண்டால் தொப்பியை ஒரு விரலால் தொடுவார், அவ்வளவுதான். ஒருநாள் அப்பா கேட்கச் சொன்னதால் நான் அவரிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்டேன். கரி அள்ளிக்கொண்டே சொன்னார். இதற்குக் "கிரீக்ஸ்லோக்" என்று பெயர், போர் எஞ்சின். உலகப் போர் நடந்தபோது, ரஷ்யா வரைக்கும் சாமான் இழுக்க, அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் செய்த வகை. அலங்காரம் ஒன்றும் கிடையாது, இல்லாமல் சமாளிக்கக்கூடிய பாகத்தையெல்லாம் விட்டுவிட்டுச் செய்தது. ரஷ்யக் குளிருக்காக ஓட்டுநர் நிற்கும் அறையை மட்டும் நன்றாக மூடிக் கட்டினார்கள். போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்றுதான் செய்தார்கள். போர் முடிந்தபோது இவை எங்கெங்கே நின்றனவோ அந்தந்த நாடுகளே எடுத்துக்கொண்டன. போலந்தில் ஓடின, துருக்கியில் ஓடின, நார்வேயில் ஓடின. இந்த ஒன்று ரஷ்யர்களிடம் பல வருடம் உழைத்துவிட்டு வந்தது.

போர்க்காலத்தில் என்னென்ன இழுத்தது என்று கேட்டேன். சின்னப் பையனாக இதே ஊர் நிலையத்தில் நின்று இந்த வகை எஞ்சின்கள் போவதைப் பார்த்தவர் அவர். அள்ளிய கரியை நெருப்புக்குள் எறிந்துவிட்டு, "கிழக்கே போகும்போது நிறைய இழுத்தது. திரும்பும்போது குறைவு" என்றார். பெட்டிகளில் என்ன இருந்தது என்று கேட்டேன். நெருப்புக் கதவை அடைத்துவிட்டு, குளிர்கிறது, உள்ளே போ என்றார். அவர் சொன்னதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அப்பா எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாடியில் மின்சார அடுப்பு இரண்டே இரண்டு. அதற்கு முன்னால் எந்த நேரமும் வரிசை. புட்டு என்றால் கோதுமை மாவை முதலில் துணியில் கட்டி அவிக்க வேண்டும், பிறகு அரித்து, குழைத்து, தேங்காய்ப்பூ போட்டு இன்னொருமுறை அவிக்க வேண்டும். அவ்வளவு நேரம் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிற சனம் விடுமா? கேக்குக்குப் போடுகிற உலர்ந்த தேங்காய்ப்பூ கடையில் கிடைத்தது, மா கிடைத்தது, ஆனால் ஆவி கிடைக்கவில்லை. நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற இடத்தில், அந்தத் தடித்த குழாயின் முடிவில், ஒரு சின்னத் திறப்புக் குழாய் எந்த நேரமும் சீறிக்கொண்டிருந்தது. ஒருநாள் தோய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து அதைப் பார்த்தார்.

"உதைப் பாத்தால் புட்டுப்பானை கொதிக்கிற மாதிரியெல்லே கிடக்கு."

"அக்கா, உது புட்டுப்பானைதான்" என்றார் தண்ணீர் பிடிக்க வந்த குலம் அண்ணை. "வாயில துணி கட்டத்தான் ஆளில்லை."

அன்றைக்கே அவர் எங்கிருந்தோ ஒரு ரப்பர்க் குழாய் கொண்டுவந்து, ஒரு முனையைத் திறப்புக் குழாயிலும் மறுமுனையைப் பானைக்கு உள்ளேயும் விட்டுக் கட்டினார். பானைக்கு மேலே மக்கரோனி வடிக்கிற துளைப் பாத்திரம், அதற்கு மேலே துணி. மா அவிந்தது. பிறகு புட்டு அவிந்தது. நீராவி எஞ்சினில் அவித்த புட்டை எங்கள் மாடி முழுக்க உட்கார்ந்து வாழைப்பழத்தோடு குழைத்துச் சாப்பிட்டது. லேசாகச் சவர்க்கார மணம் அடித்தது. அது பானை கழுவிய பிழை என்று அம்மா நினைத்தார். சில கிழமைகள் இப்படிப் போன பிறகு, சூடு குறைகிறதே என்று குழாயைப் பார்க்க நிலவறைக்கு வந்த கரியர், பானையைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு "நைன், நைன்! சோடா! சோடா!" என்று கத்தினார்.

"சோடா எண்டால் நல்லதுதானே" என்றார் குலம் அண்ணை. "தின்னத் தின்னச் செமிச்சுப் போகும்."

கொதிகலன் உப்புப் பிடிக்காமல் இருக்க அந்தத் தண்ணீருக்குள் சலவைச் சோடாவும் வேறு என்னென்னவோ தூளும் கொட்டுகிறார்கள் என்று கரியர் சொல்ல நான் தமிழில் சொன்னபோது, அம்மாவின் கை முதலில் தம்பியின் வாய்க்குத்தான் போனது. அவனுக்கு இன்னும் புட்டுக் கொடுக்கத் தொடங்கவில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. மறுநாள் கரியர் ஒரு தடித்த இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து, கொதிக்கிற அந்தக் குழாயின் மேல் பற்றவைத்து, இதற்கு மேல் உங்கள் பானையை வையுங்கள், உங்கள் தண்ணீரை ஊற்றுங்கள் என்று கைச்சாடையில் காட்டினார். அம்மா சீனி போட்ட புட்டை ஒரு தட்டில் கொடுத்தார். கரியர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த கிழமை தன்னுடைய சொந்தத் தகரச் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார்.

ஆனால் கதை ஊருக்குள் போய்விட்டது. பட்டறையை மூடப்போகிறார்கள், ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை, எங்கள் ஆட்களுக்கோ வேலை செய்யவே அனுமதி இல்லை. ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், எங்கள் கரியில் அவர்கள் சோறு பொங்குகிறார்கள் என்றாள். இன்னொருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டும் இருவரும் குரலைத் தாழ்த்தவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா வழக்கம்போல, "என்ன பிள்ளை, கடையில சனம் என்ன கதைக்குது?" என்று கேட்டார். "நல்ல குளிராம்" என்றேன்.

மாசி மாதம், பனி இன்னும் கரையாத நேரத்தில், எஞ்சின் போகப்போகிறது என்றார்கள். மேற்கு ஜெர்மனியில் பழைய ரயில்களில் ஆசை வைத்த ஒரு சங்கத்தார் அதை வாங்கிவிட்டார்களாம். கோடைக்குள் திருத்தி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். எங்களுக்கு மின்சார வெப்பமூட்டிகள் வரும் என்று ஹைம் பொறுப்பாளர் சொன்னார். எப்போது என்று கேட்கச் சொன்னார் அம்மா. சொல்லியிருக்கிறோம், வரும் என்றார் அவர். அம்மா மறுபடியும் கேட்கச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே அறைக் கதவைத் திறந்து பிடித்தார்.

வழியனுப்பிய நாளில் ஊரே வந்திருந்தது. அந்த ஊரில் அவ்வளவு சனம் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். பித்தளை வாத்தியக்காரர்கள் வந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தகப்பன்மார் வந்தார்கள், எஞ்சினின் நெற்றியில் ஊசியிலைக் கொப்புகளால் ஒரு வளையம் கட்டினார்கள். அதை இழுத்துக்கொண்டு போக முன்னால் ஒரு டீசல் எஞ்சின் நின்றது. ஊதல் ஒலிக்க வேண்டும் என்று சங்கத்தார் விரும்பியதால், கரியர் கடைசியாக ஒருமுறை கொஞ்சம் நெருப்பு மூட்டி வைத்திருந்தார். நகரத் தலைவர் பேசினார். இந்த எஞ்சின் அந்நிய மண்ணில் எவ்வளவு பாடுபட்டது, அந்நியர் கையில் அகப்பட்டு எத்தனை குளிரைத் தாங்கியது, கடைசியில் எப்படித் தாய்நாடு வந்து சேர்ந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் நின்ற வயதான பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். நான் மெல்லிய குரலில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்தேன்.

"கேட்டியளே அண்ணை" என்று குலம் அண்ணை அப்பாவிடம் சொன்னார். "எஞ்சின் பட்ட கஷ்டத்தைத் தாங்களே சொல்லித் தாங்களே அழுகினம். அகதி விசாரணையில நான் என்ரை கஷ்டத்தைச் சொல்ல, நம்பேலாதெண்டு எழுதித் தந்தவங்கள்."

"சும்மா இரடாப்பா, சனம் பாக்குது" என்றார் அப்பா. ஆனால் அவரும் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் நின்றார்.

அப்போது அம்மா தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். என்ன செய்யப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பனியில் செருப்புப் புதையப் புதைய எஞ்சினின் முன்பக்கம் போய், திருநீற்றுப் பேணியைத் திறந்து, கரி படிந்த அந்த இரும்பில் மூன்று குறி இழுத்து, நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழ் ஒரு தேசிக்காயை வைத்தார். ஊரில் புது வாகனத்துக்குச் செய்வது. அடுப்புக்கு நன்றி சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று பிறகு சொன்னார். வாத்தியம் நின்றுபோயிருந்தது. யாரோ படம் எடுத்தார்கள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"பின்னால் ஒரு பெட்டியைக் கொழுவி இந்தச் சமையல்காரர்களையும் ஏற்றி அனுப்புங்கள்! அதற்குப் பழக்கம்தானே!"

சிரிப்பு பெரிதாயிற்று. எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன். கைக்குட்டை வைத்திருந்த ஒரு பெண் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். ஆனால் வாயை மூடு என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த கணம் எஞ்சின் ஊதியது. காது அடைக்கும் நீண்ட ஊதல். வெள்ளை ஆவி எழும்பிக் கூட்டத்தையும் எங்களையும் மூடியது. அதற்கு ஒரு கணம் முன்னால், மேலே எஞ்சினில் நின்ற கரியரின் முகத்தைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. அந்த ஊதலால் எங்களை மறைத்தாரா, தன்னை மறைத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆவி கலைந்தபோது அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் பனி ஈரமும் சிரிப்பும். "என்ன பிள்ளை சொல்லினம்? எல்லாரும் சந்தோஷமாச் சிரிக்கினம்."

"எங்களையும் ஏறி வரட்டாம், அம்மா."

அம்மா சந்தோஷப்பட்டார். கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். "இண்டைக்கு ஏலாது, பிள்ளைக்குச் சுகமில்லை, பிறகு ஒருநாள் கட்டாயம் வாறம் எண்டு சொல்லு" என்றார். சொல்லிவிட்டு, நான் அதை ஜெர்மனில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். கும்பிட்ட கைகளை இறக்கவில்லை. முழு ஊரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்தால் அழுகை வரும் என்று பயந்தேன்.

"டாங்கே" என்றேன். நன்றி.

அதற்கும் சிரித்தார்கள். சிலர் கைதட்டினார்கள். டீசல் எஞ்சின் இழுத்தது, தேசிக்காய் நசிந்தது, பெரியடுப்பு போனது.

மறுநாள் விடிய குழாய் தட்டவில்லை. மின்சார வெப்பமூட்டிகள் வந்தபோது மாடிக்கு ஒன்று என்று வந்தன. அதைப் போட்டால் அடுப்பு நின்றுபோகும், அடுப்பைப் போட்டால் முழுக் கட்டடத்திலும் மின்சாரம் நின்றுவிடும். அம்மாவின் கம்பளிச் சட்டைக்குள் இருந்தபடியே தம்பிக்கு நெஞ்சு அடைத்தது. உதடு நீலமாக அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, வழியெல்லாம் மருத்துவ வண்டிக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னது முழுவதும் "குளிர்" என்ற ஒரே சொல்தான். கோடை வரும்வரை ஆஸ்பத்திரியில் இருந்தான். பிழைத்தான். அந்த நெஞ்சு பிறகு ஒருநாளும் முழுதாகச் சுகமாகவில்லை. அம்மா எஞ்சினுக்குப் பொட்டு வைக்கும் படத்தை ஊர்ப் பத்திரிகை போட்டிருந்தது. கீழே, வெளிநாட்டு நண்பர்களும் விடைகொடுத்தனர் என்று எழுதியிருந்தது. கரியரைப் பிறகு ஒரேயொருமுறை கடையில் கண்டோம். தொப்பியைத் தொட்டுவிட்டு, எடுத்த சாமானை வைத்துவிட்டு வெளியே போனார்.

சில வருடம் கழித்து எங்களுக்கு நாட்டில் தங்க அனுமதி கிடைத்து ஹனோவர் பக்கம் வந்தோம். அங்கே பள்ளியில் போர்க்காலத்தைப் பற்றிப் படித்தபோது, கிழக்கே போன ரயில்களில் சாமானும் சிப்பாய்களும் மட்டும் போகவில்லை, யூத மக்களையும் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோனார்கள் என்பதும், போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை என்பதும் தெரிந்தது. கரியர் ஏன் கதவை அடைத்தார், கூட்டத்தில் கத்திய மனிதன் எந்தப் பழக்கத்தைச் சொன்னான் என்பதெல்லாம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்களுடைய எஞ்சின் எதை இழுத்தது என்று எனக்குத் தெரியாது. அவர்களையும் இழுத்திருக்கலாம், இழுக்காமலும் இருந்திருக்கலாம். அதன் சூட்டில்தான் என் தம்பி அந்தக் குளிர்காலத்தில் பாதியைத் தாண்டினான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. முயல்வதையும் விட்டுவிட்டேன்.

இப்போது அந்த ஹைம் இல்லை, இடித்துவிட்டார்கள். தண்டவாளத்தையும் கிளப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்பா இறந்துவிட்டார். குலம் அண்ணையின் விண்ணப்பத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. நாங்கள் அங்கே இருந்தபோதே ஒருநாள் காலையில் பொலிஸ்காரர் வந்து, நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூட்டிக்கொண்டு போனார்கள். படிகளில் இறங்கும்போதும் ஏதோ பகிடி சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எஞ்சின் மட்டும் நன்றாக இருக்கிறது. கறுப்பும் சிவப்புமாகப் பளபளக்கிறது. மார்கழியில் கிறிஸ்மஸ் நேரம் நத்தார் தாத்தா வேடம் போட்டவர்களோடு ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிறது. சென்ற மார்கழியில் எங்கள் நிலையத்துக்கும் வந்தது. அதே இலக்கம். தன் மகனுக்குக் காட்ட வேண்டும் என்று தம்பி எல்லோருக்கும் இடம் பிடித்திருந்தான். புகையைக் கண்டதும் சட்டைப் பைக்குள் இருந்த மூச்சு மருந்தை எடுத்து இரண்டுமுறை இழுத்துக்கொண்டான். அந்த ஊரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. பக்கத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். எங்கே கட்டினார்கள், எந்தெந்த நாட்டில் ஓடியது என்று வரிசையாக இருந்தது. கடைசியில், வெப்பமூட்டும் பணி என்று ஒரு வரி. யாருக்கு என்று இல்லை.

அம்மாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. சக்கர நாற்காலியில் கொண்டுவந்தோம். கோயிலுக்குப் புதிதாக வருகிற சனத்துக்கு அம்மா இத்தனை வருடமாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு: "வெள்ளைக்காரர் எல்லாரும் கெட்டவங்கள் இல்லை. அந்த ஊர்ச் சனம் எஞ்சின் போகேக்கை எங்களையும் ஏறி வரச் சொன்னவை." அதைச் சொல்லும்போதெல்லாம் என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார். நான் "ஓம்" என்பேன்.

பழங்காலத் தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் பெட்டி வாசலில் நின்று அம்மாவுக்குக் கை கொடுத்தான். அம்மா படியில் ஒரு காலை வைத்தபடி நின்று, முன்னால் ஆவி விட்டுக்கொண்டிருந்த எஞ்சினை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்துக் கை கூப்பினார்.

"அண்டைக்குக் கூப்பிட்டதுக்கு இண்டைக்குத்தான் வரக் கிடைச்சது எண்டு சொல்லு, பிள்ளை."

அம்மா என்ன சொல்கிறார் என்று அவன் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"டாங்கே" என்றேன்.